பிள்ளை பெத்ததுக்கப்புறம் காதல் கவிதை எழுத வரல, இதைப் பத்தி யாராவது எழுதிருக்காங்களா?

தூளிக்கயிறு

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதுறது இதான் மொத தடவ. பாப்பா பொறந்து இன்னைக்கு 74 நாள். ராத்திரி ரெண்டரை மணி, ஒரு கையில பாப்பா, இன்னொரு கையால டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே கவிதை எழுதுவேன், நோட்டுல தான். ரெண்டு மூணு சிறுபத்திரிகைல வந்திருக்கு. முக்காவாசி காதல் கவிதை. வீட்டுக்காரர் ஓசூர்ல வேல பாக்குறார். நாங்க காதலிச்ச நாலு வருஷமும் பாதி நாள் பஸ் ஸ்டாண்ட்ல தான் பாத்துக்குவோம், அந்த பஸ் ஸ்டாண்டு, அவர் சட்டைல இருக்கிற டீசல் வாசனை, கடைசி பஸ் போனதுக்கப்புறம் அங்க மிச்சம் இருக்கிற வெளிச்சம், இதெல்லாம் தான் நான் எழுதினது.

இப்ப அம்மா வீட்ல இருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழம வர்றார். போன தடவ அவர் வந்தப்ப நான் வாசலுக்குப் போகல. தலைக்கு ஊத்தி மூணு நாளாச்சு, மேலெல்லாம் பால் புளிச்ச வாசனை, பத்தியத்துல போடுற பூண்டு வாசனை, நைட்டி ரெண்டு பக்கமும் நனஞ்சு காஞ்சு விறைச்சுப் போய் இருக்கு. உள் ரூம்லயே உக்காந்துட்டேன். அவர் உள்ள வந்து பாப்பாவ தூக்கிட்டு என்னப் பாத்து சிரிச்சார், அவ்ளோதான், எனக்கு அழுகையா வந்துருச்சு. அது சோகம்னும் சொல்ல முடியல, சந்தோஷம்னும் சொல்ல முடியல.

அத எழுதணும்னு நோட்ட எடுத்தா ஒரு வரி வரல. வர்றதெல்லாம் தாய்மை, தெய்வம், கருவறைன்னு அடுத்தவங்க வார்த்தையா வருது. கருவறைன்னு எழுதினதுமே அடிச்சுட்டேன். நான் படுத்திருந்தது குளிர்ந்த ரூம்ல, முதுகுல ஊசி போட்டு, முகத்துக்கு முன்னாடி ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னே தெரியல.

அம்மாவப் பத்தி நம்மகிட்ட இருக்கிற கவிதை பெரும்பாலும் மகன் எழுதினது. வளந்ததுக்கப்புறம் திரும்பிப் பாத்து எழுதினது. அதுல அந்தம்மாவுக்குப் புருஷன் மேல ஆசை இருந்துச்சா, அவ உடம்பு அவளுக்கே புதுசா இருந்துச்சாங்கிறதெல்லாம் வராது. நேத்து பால் கட்டிகிச்சு, பாப்பா தூங்கிட்டா, வலி தாங்காம பீச்சி வாஷ்பேசின்ல விட்டேன், அது குழாய்த் தண்ணியோட போறதப் பாத்துட்டு நின்னேன். இதுக்கு எங்க கவிதை இருக்கு?

காதலியா இருந்தவ அம்மா ஆகுறப்ப அந்த ரெண்டு பேரும் ஒரே உடம்புக்குள்ள எப்படி இருக்காங்கன்னு எழுதினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. பழசோ புதுசோ எதுனாலும் சரி.

மூங்கில்துறை

அம்மாடி, உங்க கேள்விய காலைல படிச்சதுல இருந்து அதே நினைப்பா இருக்கு. நான் 33 வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க நைட்டியப் பத்தி சொன்ன அதே விஷயம் நற்றிணைல இருக்கும்மா, 380வது பாட்டு, கூடலூர்ப் பல்கண்ணனார் பாடினது.

நெய்யும் குய்யும் ஆடி மெய்யொடு
மாசுபட் டன்றே கலிங்கமும் தோளும்
திதலை மென்முலைத் தீம்பால் பிலிற்றப்
புதல்வற் புல்லிப் புனிறுநா றும்மே

குய்ன்னா தாளிப்பு, அந்தப் புகை. கலிங்கம்னா துணி. "நெய்யும் தாளிச்ச புகையும் பட்டு என் துணி அழுக்காயிருக்கு, மாருல பால் பீறிட்டு வழிய பிள்ளைய அணைச்சு அணைச்சு என் தோள்ல புனிறு நாறுது"ன்னு ஒரு பொண்ணு சொல்றா. யார்கிட்ட? யாழ் வாசிச்சுப் பாடுற பாணன்கிட்ட. புருஷன் வெளிய சுத்திட்டு வந்து வாசல்ல தேரோட நிக்கிறான், சமாதானம் பேச பாணன அனுப்பிருக்கான். அவ சொல்றா, "மினுமினுன்னு நகை போட்ட பொண்ணுங்க தெருவுல தெரியிற தேர்க்காரனுக்கு நாங்க பொருத்தம் இல்ல, உன் யாழ் எவ்ளோ இனிமையா இருந்தாலும் சரி, கூட்டிட்டுப் போ, பூட்டின குதிரை ரொம்ப நேரம் நின்னா அதுக்கும் வெறுத்துப்போகும்"னு.

இதுல புனிறுங்கிற சொல்லப் பாருங்க. தொல்காப்பியம் உரியியல்ல அதுக்குத் தனியாவே பொருள் சொல்லியிருக்கு, "புனிறென் கிளவி ஈன்றணிமைப் பொருட்டே"ன்னு. ஈன்ற கொஞ்ச நாளுக்குள்ள இருக்கிற நிலை. நம்ம வீட்டுப் பெரியவங்க பச்ச உடம்புன்னு சொல்றாங்களே அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற சொல். இதையே மாட்டுக்கும் சொல்லுவாங்க, புனிற்றான்னா இப்பதான் கன்னு போட்ட பசு. அகநானூறு 56ல ஒரு பாணன் தெருவுல வர்றப்ப புனிற்றா பாஞ்சதுல கலங்கி யாழையே போட்டுட்டு ஓடி வர்றான். கன்னு போட்ட பசு கிட்ட ஆள் போக முடியுமா.

நான் சொல்ல வந்தது என்னன்னா, இந்தப் பாட்டு அகப்பாட்டும்மா. காதல் பாட்டு. பால் வாசனை அடிக்கிற உடம்ப அவங்க காதலுக்கு வெளிய எடுத்து வச்சு தாய்மைன்னு ஒரு தனி மேடைல ஏத்தல, காதலுக்கு உள்ளயே வச்சாங்க. நீங்க வாசலுக்குப் போகாம உள்ள உக்காந்தீங்களே, அது எழுதத் தகுந்த இடம்.

ஆனையிறவு உப்பு

ஐயா சொன்ன பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒண்டு சொல்ல வேணும். அந்தப் பிள்ளை கேட்டது எழுதினவை ஆர் எண்டும் சேர்த்துத் தான். 380 ஒரு ஆம்பிளை பெண்குரலிலை எழுதினது. அதோட அந்தப் பெண் தன்ர உடம்பு மணக்குது எண்டு சொல்லுறது கதவைச் சாத்துறதுக்கு ஒரு காரணமாத்தான். அவளுக்கு உண்மையிலை அந்த மணம் எப்பிடி இருந்தது, பிடிச்சதா, அருவருத்ததா எண்டு எங்களுக்குத் தெரியாது. அழகான பாட்டு, இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனால் அது வாசலிலை நிண்டு கேட்ட குரல்.

பெண்ணே எழுதினது வேணும் எண்டால் வெள்ளிவீதியார். குறுந்தொகை 27. நீங்கள் வாஷ்பேசினிலை பாலை விட்டதை வாசிச்ச உடன எனக்கு இது தான் வந்தது தங்கச்சி.

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்லான் தீம்பால் நிலத்துக் காங்கு

கன்றும் குடியாமல், கறக்கிற ஏனத்துக்குள்ளயும் விழாமல், ஒரு நல்ல பசுவின்ர பால் நிலத்திலை ஊத்துண்டு போனது போல. அதுக்கு மேல சொல்லுறா, எனக்கும் ஆகாமல் என்ர அவனுக்கும் உதவாமல் என்ர அழகைப் பசலை, அதான் பிரிவாலை உடம்பிலை படருற வெளிறல், தின்னுது எண்டு. அவ தாய் இல்லை அந்தப் பாட்டிலை. பிரிஞ்சு இருக்கிற காதலி. ஆனால் தன்ர ஏக்கத்தைச் சொல்ல அவவுக்கு அகப்பட்டது பால். பூ இல்லை, நிலா இல்லை, வீணாப் போன பால். எனக்கு மூத்தவன் பிறந்து 9 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தவன், நான் வாட்டிலை இருந்து பாலைப் பீச்சி ஊத்தினனான். அதுக்குப் பிறகு தான் இந்த ரெண்டு வரியும் வடிவா விளங்கினது. அதுவரை அது எனக்குப் பள்ளிக்கூடத்து உவமை.

மற்றது கச்சிப்பேட்டு நன்னாகையார், அவவும் பெண் புலவர் எண்டு தான் சொல்லுறவை, குறுந்தொகை 287. அவன் கார்காலத்திலை வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான், மேகம் ஏறுது, இந்த நேரத்திலையும் எங்களை விட்டிட்டு இருப்பினமோ எண்டு தோழி தலைவியிட்ட கேக்கிறா. அந்த மேகம் எப்பிடி ஏறுது எண்டால்

முந்நால் திங்கள் நிறைபொறுத்து அசைஇ
ஒதுங்கல் செல்லாப் பசும்புளி வேட்கைக்
கடுஞ்சூல் மகளிர் போல

எண்டு வருது. நிறைமாசக்காரி மாதிரி, அடி எடுத்து வைக்க ஏலாமல், பச்சைப் புளிக்கு ஆசைப்பட்டுக்கொண்டு. முந்நால் எண்டால் மூண்டு தரம் நாலு, 12 மாசம். மேகத்துக்கு 12 மாசச் சூல். காதலனுக்காகக் காத்திருக்கிற கனமும் வயித்துக் கனமும் ஒரே வரிக்குள்ள. மழை வாற சந்தோசத்துக்குள்ள அந்த மூச்சு வாங்கிறதும் இருக்கு. ஒதுங்கல் செல்லா எண்டது எட்டாம் மாசத்திலை படி ஏறினவைக்குத் தான் தெரியும்.

இன்னொண்டையும் சொல்லிப்போட்டுப் போறன், இது கொஞ்சம் வேற. புறநானூறு 86, காவற்பெண்டு பாடினது. உன்ர மகன் எங்கை எண்டு கேட்டவைக்கு ஒரு தாய் சொல்லுறா, எங்கை எண்டு தெரியாது, புலி தங்கிப்போன கல்குகை மாதிரி அவனைப் பெத்த வயிறு இது தான், அவன் போர்க்களத்திலை தோன்றுவான் எண்டு. எங்கட பக்கம் இதை வீரத்தாய்ப் பாட்டு எண்டு மேடையிலை நிறையச் சொன்னவை. என்ர பெரியம்மாவின்ர மகன் போனவன், திரும்பி வரேல்லை. அவ இருக்கிறா, 80 தாண்டீட்டா. அவவைப் பாக்கேக்கை எனக்கு அந்தப் பாட்டிலை புலி தெரியிறேல்லை, வெறும் குகை தான் தெரியுது. ஒரு பெண்ணின்ர வயித்தைப் பற்றித் தமிழிலை இதை விட நெருக்கமா ஆர் எழுதினவை எண்டு நான் இன்னும் தேடுறன்.

வெண்ணிலவன்

தோழி நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். தாய்மை தான் பெண்மையோட முழுமை. ஒரு பெண் அம்மா ஆனதுக்கப்புறம் காதல்ங்கிறது தானா சின்னதாகிடும், அது இயற்கை, அதுக்காக வருத்தப்பட வேண்டாம். இனிமே உங்க கவிதை எல்லாம் உங்க குழந்தை தான். அதைவிட பெரிய கவிதை இருக்கா? வாழ்த்துக்கள்.

சாம்பல்புறா

வெண்ணிலவன் தம்பி, நீங்க நல்ல மனசோட தான் சொல்றீங்கன்னு புரியுது, அதனால கோவமா சொல்லல. ஆனா அந்த முழுமைங்கிற வார்த்தைய கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க. எனக்கு 38 வயசு. ரெண்டு தடவ கலைஞ்சுது, ஒண்ணு 11 வாரத்துல, இன்னொண்ணு 19 வாரத்துல. ரெண்டாவது தடவ அஞ்சாறு நாள் கழிச்சு எனக்குப் பால் வந்துச்சு. யாரும் முன்னாடியே சொல்லல அப்படி வரும்னு. துணிய இறுக்கிக் கட்டி, முட்டைக்கோஸ் இலைய வச்சு, அது தானா வத்துற வரைக்கும் படுத்திருந்தேன். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட யோசிக்கிற சொந்தக்காரங்க இருக்காங்க. அவங்க எல்லாரும் சொல்றதும் இதே வார்த்தை தான், முழுமை.

ஆனையிறவு அக்கா, கன்றும் உண்ணாது கலத்தினும் படாதுங்கிறத நான் எத்தன தடவ படிச்சிருக்கேன் தெரியுமா. எனக்கு அத முதல்ல யாரும் சொல்லிக் கொடுக்கல, ஒரு நாள் லைப்ரரில உ.வே.சா பதிப்ப புரட்டிட்டு இருந்தப்ப கண்ணுல பட்டுச்சு. அது காதல் பாட்டு, பசலைப் பாட்டுன்னு தெரிஞ்சும் எனக்கு அது என் பாட்டு. அங்கயே நின்னு படிச்சேன், உக்காரக்கூட தோணல. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி எழுதின ரெண்டு வரில என் பாலுக்கு ஒரு இடம் இருந்துச்சு, என் வீட்ல அதுக்கு இடம் இல்ல.

தூளிக்கயிறு, உங்க கேள்விக்கு என்கிட்ட புத்தகம் எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன், நீங்க எழுதுறப்ப அம்மா ஆன உடம்புன்னு எழுதாதீங்க, உங்க உடம்புன்னு எழுதுங்க. அப்ப தான் என்னை மாதிரி ஆளும் உள்ள வர முடியும். என் வீட்டுக்காரர் அந்த நாள்ல எதுவும் பேசல, நனஞ்ச துணிய மட்டும் மாத்தி மாத்தி அலசிப் போட்டார். எனக்குத் தெரிஞ்ச காதல் கவிதை அது தான்.

கரிசக்காட்டான்

நான் கவிதை எல்லாம் அதிகம் படிச்சதில்ல, கோவில்பட்டி பக்கம், மளிகைக் கடை. என் தங்கச்சி இந்தத் திரிய அனுப்பி படின்னா, படிச்சேன், எழுதணும்னு தோணுச்சு. நீங்க எல்லாரும் புலவர் பேரு சொல்லுறிய, ஆனா பொம்பளைங்க தானா கட்டின பாட்டுன்னா தாலாட்டு தானே? அதுக்கு ஆம்பள பேரு எதும் கெடையாதுல்ல.

ஆராரோ ஆரிரரோன்னு ஆரம்பிச்சு யாரு அடிச்சு நீ அழுத, மாமன் அடிச்சானோ மல்லியப்பூ செண்டால, அத்தை அடிச்சாளோ அரளிப்பூ செண்டாலன்னு எல்லாரும் பாடுறது தான். அதுல மாமன் யாரு, பாடுறவளோட அண்ணன் தம்பி. மாமன் சீர் கொண்டு வருவான், தொட்டில் கட்டுவான்னு தாலாட்டு முழுக்க அவ பொறந்த வீடு தான் வரும், அந்த மல்லியப்பூவும் அதுக்குத்தான். அத்தைக்கு அரளின்னு ஏன் வச்சான்னு யோசிங்க, அத்தைன்னா புருஷனோட அக்கா தங்கச்சி. மாமியா வீட்ல உக்காந்துகிட்டு இத நேரா சொல்ல முடியுமா, பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி சொல்லிக்கிடுவா.

எங்க அம்மா பருத்தி எடுக்கப் போற எடத்துல வேப்ப மரத்துல தூளி கட்டி என்னையப் போட்டு பாடுவாங்களாம். அதையே என் தம்பிக்குப் பாடுறத நான் கேட்டுருக்கேன். எங்க அய்யா அப்ப வியாபாரத்துக்கு ஊர் ஊரா போவாரு, போனா பத்து நாளு பதினஞ்சு நாளு. அம்மா தானா இட்டுக்கட்டி பாடுன ஒரு எடம் எனக்கு இன்னும் மனசுல இருக்கு

சங்கரங்கோயில் சந்தையில சட்டை எடுக்கப் போனவரு
அந்தி சாஞ்சும் வரலையின்னு அரிசி இன்னும் போடலையே
போட்ட ஒலை கொதிக்குதுன்னு போயிச் சொல்ல ஆளு இல்ல
நீ வளந்து போயிச் சொல்லு நெத்திப்பொட்டே கண்ணசரு

நான் சின்னப் பையன், இது அரிசி பத்தின பாட்டுன்னு நெனச்சேன். எனக்குக் கல்யாணம் ஆயி நானும் கடைச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயி ரெண்டு நாள் தங்கி வந்தப்பறம் தான் ஒலை கொதிக்குதுன்னா என்னன்னு உறச்சுச்சு. எங்க அம்மா அய்யாகிட்ட நேருக்கு நேரா ஆசையா ஒரு வார்த்த பேசி நான் பாத்ததே இல்ல. தூளிகிட்ட பேசியிருக்காங்க. தூளிக்கயிறுன்னு நீங்க பேரு வச்சதப் பாத்ததும் அதான் ஞாபகம் வந்துச்சு.

மூங்கில்துறை

கரிசக்காட்டான் தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அந்த நாலு வரிய அம்மா இருக்கிறப்பவே போன்ல பதிவு பண்ணி வச்சுக்கங்க, இன்னும் என்னென்ன பாடுனாங்கன்னு கேளுங்க. அகப்பாட்டுல தோழிகிட்ட சொல்றதா வர்றத உங்கம்மா தூளிகிட்ட சொல்லியிருக்காங்க.

ஆனையிறவு சொன்னத ஒத்துக்கிறேன். சங்கப் புலவர்கள் 473 பேர்னு கணக்கு வச்சா அதுல பெண்கள் 40 பேர் பக்கம் வருவாங்க, ஆளாளுக்கு எண்ணிக்கை கொஞ்சம் மாறும். நான் பாடம் நடத்துன காலத்துல இது யார் குரல், எழுதினது யாருங்கிற கேள்விய பிள்ளைங்க முன்னாடி வச்சதே இல்ல. திணை என்ன, துறை என்ன, உள்ளுறை என்னன்னு போயிடுவோம். இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு.

ஆனா அம்மாடி, ஆம்பள பாடினதுன்னாலும் இன்னொரு பாட்ட விட்டுட முடியல, உங்க வீட்டுக்காரர் சிரிச்சார்னு எழுதியிருந்தீங்கல்ல அதுக்காக. நற்றிணை 370, உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார். மனைவி ஊடி நிக்கிறா, புருஷன் அவ காதுல விழுற மாதிரி பாணன்கிட்ட பழச நினைச்சு சொல்றான். அவ பிள்ளை பெத்துப் படுத்திருந்தா, நெய்யும் வெண்சிறுகடுகும் மினுங்குற வீடு. நான் கிட்ட போயி "பிள்ளை பெத்ததால வேற பேர் வாங்கி முதுபெண்டு, மூத்த பொம்பள ஆயிட்ட, தூங்குறியா"ன்னு கேட்டு, அவ வயித்துல ஒரு குவளைப் பூவ ஒத்தினேன், அவ என்னப் பாத்து மொட்டு மாதிரி மெல்ல சிரிச்சு கண்ண கையால மூடிகிட்டா. அவ்ளோதான் பாட்டு. பூவ எங்க ஒத்துறான் பாருங்க, பெத்த வயித்துல.

இரவுப்பணி

ஐயா இந்த 370 எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்களுக்கு 5 மாசப் பையன். குழந்தை பொறந்த நாள்ல இருந்து நான் என் மனைவிய பேரு சொல்லிக் கூப்பிடுறத விட்டுட்டேன், பையன் பேரச் சொல்லி அவன் அம்மான்னு தான் கூப்பிடுறேன், எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்கன்னு. அந்தப் பாட்டுல பேர் மாறிடுச்சுன்னு வர்றத படிச்சதும் தான் தோணுச்சு. இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு காலைல போயி பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், அடுப்படில இருந்து திரும்பி "என்ன ஆச்சு உங்களுக்கு"ன்னு பயந்து போய் கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து இன்னொரு தடவ கூப்பிடுங்கன்னா.

சாம்பல்புறா அக்கா, நீங்க எழுதினதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. படிச்சேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

வெண்ணிலவன்

சாம்பல்புறா அக்கா மன்னிக்கணும். நான் யோசிக்காம எழுதிட்டேன், எனக்கு 22 வயசு, இந்த வார்த்தையெல்லாம் கேட்டே பழகிட்டேன். என் பதில அழிக்கலாமான்னு நினைச்சேன், ஆனா அழிச்சா உங்க பதில் புரியாதுன்னு விட்டுட்டேன். குறுந்தொகை வாங்கிட்டேன்.

தூளிக்கயிறு

ஆறு நாளா ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு பதிலா படிச்சேன். எல்லாருக்கும் ஒண்ணா நன்றி சொல்ல வரல எனக்கு. சாம்பல்புறா அக்கா, உங்களுது படிச்சப்ப பாப்பா மடில இருந்தா, நான் போன கவுத்து வச்சுட்டு ரொம்ப நேரம் அவ தலைய தடவிட்டு இருந்தேன்.

சனிக்கிழம அவர் வந்தார். வாசலுக்குப் போகணும்னு நினைச்சு வச்சிருந்தேன், போகல. ஆனா ஒண்ணு நடந்துச்சு. அதத்தான் எழுதியிருக்கேன், 80 நாள் கழிச்சு எழுதின மொத கவிதை. எது நல்லா இல்லைன்னாலும் சொல்லுங்க.

புனிறு

கடைசிப் பேருந்து போன பின்
நிலையத்தில் மிஞ்சும் வெளிச்சம் போல
உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறேன்.
தெருமுனையில் உன் செருப்புச் சத்தம்.
பிள்ளை தூங்குகிறாள்,
அழவில்லை, அசையவில்லை.
பால் தானாக இறங்கி
நைட்டியை நனைக்கிறது.
யாருக்கென்று சுரந்தாய்
என்று கேட்கிறேன்.
என் உடம்பு
கதவைப் பார்த்தபடி இருக்கிறது.
உன் டீசல் வாசனை வரும் முன்னே
என் புனிறு எழுந்து
வாசல் வரைக்கும் போய் நிற்கிறது.
நான் தாயாகவும் இருக்கிறேன்
நான் காதலியாகவும் இருக்கிறேன்.

ஆனையிறவு உப்பு

தங்கச்சி, கடைசி ரெண்டு வரியையும் வெட்டுங்கோ. வாசல் வரைக்கும் போய் நிக்கிறது எண்ட இடத்திலை எல்லாம் சொல்லியாச்சு. அந்த ரெண்டு வரியும் எங்களுக்கு விளங்காது எண்டு பயந்து எழுதினது.

பிள்ளை அழாமல் அவற்ற செருப்புச் சத்தத்துக்குப் பால் இறங்கினதை நான் இதுவரை எந்தக் கவிதையிலையும் வாசிக்கேல்லை. எனக்கும் நடந்திருக்கு. வெக்கப்பட்டு ஒருத்தரிட்டயும் சொன்னதில்லை.

சாம்பல்புறா

நானும் அதே தான் சொல்ல வந்தேன், கடைசி ரெண்டு வரி வேண்டாம். யாருக்கென்று சுரந்தாய்ங்கிற இடத்துல நான் நின்னுட்டேன்.

கரிசக்காட்டான்

ரொம்ப நல்லாருக்கு. புனிறுங்கிற வார்த்த மட்டும் வாத்தியார் சொல்லலைன்னா எனக்குப் புரிஞ்சிருக்காது. எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன், அவங்களுக்கும் அது என்னன்னு தெரியல. மாடு கன்னு போட்டதும் தொழுவத்துல ஒரு வாசனை இருக்கும்ல அதும்மான்னேன். உடனே "ஈத்து வாடை"ன்னாங்க. அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "அது ஒரு மாசம் போவாது, எனக்கும் இருந்துச்சு, ஒங்க அய்யாவுக்கு அது புடிக்கும்"னாங்க. எனக்கு 46 வயசு, எங்க அம்மா வாயில இருந்து இப்படி ஒரு வார்த்த இன்னைக்குத்தான் கேக்குறேன்.

மூங்கில்துறை

ஈத்துங்கிறது ஈற்று தான் தம்பி, தலையீற்றுன்னு சொல்றோம்ல. தொல்காப்பியத்துல ஈன்றணிமைன்னு வர்ற அதே ஈன். உங்கம்மா புனிறுக்குத் தன் வாயால பொருள் சொல்லிட்டாங்க.

அம்மாடி, தலைப்புல புனிறு இருக்கட்டும். உள்ள அந்த ஒரு இடத்துல எதை வைக்கிறதுங்கிறது உங்க விருப்பம்.

தூளிக்கயிறு

கடைசி ரெண்டு வரிய எடுத்துட்டேன். இப்ப முடியிறது இப்படி இருக்கு.

உன் டீசல் வாசனை வரும் முன்னே
என் ஈத்து வாடை எழுந்து
வாசல் வரைக்கும் போய் நிற்கிறது.

கரிசக்காட்டான் அண்ணா, அம்மாகிட்ட நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க. அந்தத் தாலாட்டு மெட்டு எப்படின்னு முடிஞ்சா போன்ல பாடச்சொல்லி இங்க போடுங்க, பாப்பாவுக்குப் பாடணும்.